ஈயத்தில் ஐந்து மேடு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆரணியில் பவர்லூம் ஷாஃப்ட் கடைகிற லேத் பட்டறை வைத்திருக்கிறேன். என் அளவை எவனாவது சந்தேகப்பட்டால் கையிலிருக்கும் ஸ்பேனர் பறக்கும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் ஆத்திரம் தின்றது என் தங்கை புருஷனின் காலை.

மச்சானுக்குப் படவேட்டில் மலையடியில் வேர்க்கடலைக் கொல்லை. ஓர் ஆண் காட்டுப்பன்றி தினமும் இறங்கி அதை உழுதுபோட்டது. தடுக்கப் போன நாயின் வயிற்றைக் கிழித்து, குடலை வரப்பு நெடுக இழுத்துப் போட்டது. நாயைச் சாக்கில் அள்ளிப் புதைத்துவிட்டு, அப்பா காலத்து லைசென்ஸ் ரைஃபிளை எடுத்தார் மச்சான். பன்றியைச் சுடுவது சட்டப்படி தப்பு என்று இருவருக்கும் தெரியும். நாயைக் கிழித்ததற்கு எந்தச் சட்டம் என்று கேட்டவன் நான். அவ்வளவு வெறி எனக்கு.

அவரிடமிருந்த ஈயக் குண்டுகள் குழலுக்குச் சிறியவை. பலகையில் சுட்டால் வட்ட ஓட்டை விழாமல் நீள ஓட்டை விழுந்தது. குழலைக் கவ்வாத குண்டு பக்கவாட்டில் புரண்டு போயிருந்தது.

"சரியான அளவுல வார்த்துக் குடுங்க மச்சான்" என்று ரைஃபிளைப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

தோட்டா உட்காரும் அறையை முதலில் அளந்தேன். அதில் குறையில்லை. பிறகு மெத்தென்ற ஈயத் துண்டு ஒன்றைக் குழலுக்குள் அடித்து இறக்கி, மறுமுனையில் தள்ளி எடுத்தேன். குழலுக்குள் முறுக்கி ஓடும் வரிகள் மேடும் பள்ளமுமாக அதில் அப்படியே பதிந்திருந்தன. மைக்ரோமீட்டரில் பிடித்து அளவைக் குறித்தேன்.

என் தங்கை பட்டு நெய்கிறவள். முடித்த சேலையைக் கொடுக்க அன்று ஆரணிக்கு வந்திருந்தாள். பட்டறையில் உட்கார்ந்து அந்த ஈயத்தை விரலில் உருட்டினாள். இழை எண்ணிப் பழகிய கை, எதைத் தொட்டாலும் எண்ணும்.

"அஞ்சு மேடு இருக்குதுண்ணா. மேட்டுக்கு எதிர்ல பள்ளந்தான் வந்துகினு இருக்குது. நீ எத்த எதுகூட வெச்சு அளந்த?"

"மைக்ரோமீட்டருக்கு நீ பாடம் எடுக்குறியா? போய் தறியப் பாரு" என்று கத்தியபடி மேசையில் குத்தினேன். அவள் ஈயத்தைத் தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

அவள் கேட்டதுதான் சரி. நான் அன்றாடம் அளப்பது உருண்டை ஷாஃப்ட், எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே அளவுதான். இந்த ஈயத்தில் கருவியின் ஒரு தாடை மேட்டிலும் மறு தாடை பள்ளத்திலும் உட்கார்ந்து, அளவைக் குறைத்துக் காட்டியிருந்தது. அந்தக் குறைந்த அளவுக்கே அச்சுக் கடைந்து குண்டு வார்த்தேன். குண்டைப் பொருத்தும் பித்தளைத் தோட்டாக் கூடு மச்சானிடம் நாலுதான் இருந்தது.

"பலகைல சுட்டு வீணாக்காதீங்க. என் அளவு தப்பாது" என்றேன்.

கொல்லையில் காத்திருந்தோம், நன்றாக விடிந்த பிறகுதான் பன்றி வந்தது. மச்சானுக்குப் பக்கத்தில் நானும் இருந்தேன். அவர் நெஞ்சுக்குக் குறி வைத்துச் சுட்டார். குண்டு புரண்டு போய் முதுகுத் தோலை மட்டும் பிய்த்தது. பன்றி ஓடவில்லை, எங்கள் பக்கம் திரும்பியது. அடுத்த தோட்டாவைப் போடுவதற்குள் அவரை முட்டிச் சாய்த்து, தொடையில் கோரைப்பல்லை இறக்கி முழங்காலுக்குக் கீழே வரை கிழித்தது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. நான் கடப்பாரையால் அதன் மண்டையில் அடித்தேன். செத்த பிறகும் அடித்தேன். ரத்தம் வாய்க்குள் உப்பாகத் தெறித்தது, அப்போதும் அடித்தேன். "மச்சான், என் கால்" என்று அவர் முனகியதும்தான் கை நின்றது.

ஆஸ்பத்திரியில் தொடையோடு காலை எடுத்துவிட்டார்கள். ரத்தம் காய்ந்த சட்டையோடு வராந்தாவில் நின்றேன். தங்கை வந்து என் கன்னத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் கையை ஓங்கவில்லை.

பர்ஸைத் திறந்து அந்த ஈயத் துண்டை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"இப்ப எண்ணு."

"வாணாம்மா."

"எண்ணுண்ணா. என் காதுல விழணும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரலால் உருட்டி, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினேன். ஐந்து வந்தது.

"திரும்ப எண்ணு" என்றாள்.