மிளகுக் கிட்டங்கியில் பெரியவர்

இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. எனக்கே நடந்தது. அந்த எச்சில் என் கன்னத்தில்தான் பட்டது.

1961, மாசி மாதம். ஆடலூரில் நல்லுசாமி மிளகுக் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் நானும் குப்பம்மாள் அக்காவும் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தோம். கம்பெனியைத் தொடங்கிய பெரியவர் நல்லுசாமி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நான் அவரைப் பார்த்ததே இல்லை. அன்று அவருக்குத் திதி. மகன் கந்தவேல் படத்துக்கு மாலை போட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"அப்பா இருந்தா இன்னைக்கு என்னைய மெச்சியிருப்பாரு. யாவாரம் எம்புட்டு ஏறிப்போச்சு!"

எப்படி ஏறியது என்று எங்களுக்குத் தெரியும். மிளகோடு காய்ந்த பப்பாளி விதையை அவரே கொட்டிக் கலப்பார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

அவர் போனதும் அக்கா முணுமுணுத்தாள். "மெச்சுவாராம்ல! அந்த மனுசன் சாக்குக்குச் சாக்கு ஒரு மிளகைக் கடிச்சுப் பாப்பாரு. கலப்படம்னா கொண்டாந்தவன் மூஞ்சியிலேயே துப்புவாரு. மகன்னா மட்டும் விட்டுருவாரா?"

சாயங்காலம் மலையிலிருந்து மஞ்சு பனிமூட்டமாக இறங்கி வாசலை அடைத்துக்கொண்டது. கிட்டங்கிக்குள் ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. கடைசிச் சாக்கைத் தைத்து நூலை அறுத்தேன்.

கடக்...

அடுக்கி வைத்த சாக்குகளின் பக்கமிருந்து வந்தது.

"எலியாக்கா?"

கடக்... கடக்... த்தூ!

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "எலி துப்புமாடி?"

சத்தம் ஒவ்வொரு சாக்காக நகர்ந்து வந்தது. கடிக்கும். துப்பும். அடுத்த சாக்கு. ஆனால் அங்கே யாருமே இல்லை...

என் கன்னத்தில் சில்லென்று ஏதோ தெறித்தது. தொட்டுப் பார்த்தேன். எச்சில். அதில் பாதிப் பப்பாளி விதை.

நான் கத்தியதைக் கேட்டுக் கந்தவேல் உள்ளே வந்தார்.

"என்னங்கடி, சோலி நேரத்துல கொறிச்சுக்கிட்டு..."

விளக்கு அணைந்தது.

சத்தம் நின்றது.

யாரோ மூச்சு விட்டார்கள்.

கடக்!

கந்தவேல் அலறினார்.

வாசலுக்கு ஓடியவரை மஞ்சு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு கையால் காதைப் பொத்தியிருந்தார். விரலிடுக்கில் ரத்தம் வழிந்தது. காது மடலில் பாதியைக் காணோம்.

அப்படியும் மனுசன் அடங்கவில்லை. மறுநாளே சரக்கை லாரியில் திண்டுக்கல்லுக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் எல்லாச் சாக்கும் திரும்பி வந்தன.

எங்களைப் பிரித்துப் பார்க்கச் சொன்னார் கந்தவேல். ஒன்றை மட்டும்தான் திண்டுக்கல் வியாபாரி பிரித்திருந்தார். மற்றதெல்லாம் நாங்கள் போட்ட தையல். ஓர் இழைகூட அறுபடவில்லை.

உள்ளே ஒவ்வொரு பப்பாளி விதையும் இரண்டாகக் கடிபட்டிருந்தது. மிளகில் ஒன்றின்மேல்கூடப் பல் படவில்லை.

அடியில் என்ன இருக்கிறதென்று கையை விட்டுப் பார்த்தேன்.

எச்சில் ஈரம்... இன்னும் வெதுவெதுப்பாக.