அக்காவின் ஆண்டுக்குறி

அக்கா ஒரு அச்சகத்தில் டைப்பிஸ்ட். பழைய பத்திரங்களை எழுத்து மாறாமல் கணினியில் ஏற்றிப் புத்தகமாக்கும் வேலை. துதிக்கை வைத்த பழைய லை, ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴ என்று விசைப்பலகையில் இல்லாதவை பக்கத்துக்குப் பத்து வரும். ஒவ்வொன்றையும் குறியீட்டுப் பட்டியலில் தேடி எடுத்து அலுத்துப்போனவள், ஒரு குறுக்குவழி வைத்தாள். வீட்டு ஆட்களின் பெயரை அடித்தால் குறி தானாக வந்து விழும். ‘அம்மா’ என்றால் ௵. ‘தம்பி’, அதாவது நான், ௴. மூக்கு நீண்ட அத்தைக்குத் துதிக்கை லை. பத்திரத்தில் இவர்கள் எங்கே வரப்போகிறார்கள் என்ற தைரியம்.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானபோது நான் வெளியூரில் இருந்தேன். கூட இருக்க அக்காவை விட்டால் ஆள் இல்லை. லீவுக் கடிதத்தை அதே கணினியில் அவசரமாக அடித்து, படித்துப் பார்க்காமலே மேலாளரிடம் நீட்டினாள்.

“ஏம்மா, ‘என் ௵ ஆஸ்பத்திரியில் இருக்கிறார்’னு எழுதியிருக்க. வருஷத்துக்கா ஆபரேஷன்?”

அறையே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

“எங்கம்மா சார். நாளைக்குக் காலையில. நான் போகணும்.”

“போயிட்டா? புக்கு இந்த வாரம் போகணும். இந்தக் கொம்பு, சுழியெல்லாம் யாரு போடுவா?”

“போட ஆள் இருந்தா விடுவீங்களா?”

“இருந்தா பாக்கலாம்.”

பக்கத்து இருக்கைக்காரி எழுந்தாள். “நான் போடுறேன் சார். அக்கா வீட்டு ஆளுங்க யார் யாருன்னு தெரிஞ்சா போதும்.”

அன்று சாயங்காலம்வரை அவளைத் தன் கணினி முன்னால் உட்கார வைத்து எங்கள் குடும்பத்தைச் சொல்லிக்கொடுத்தாள் அக்கா.

“இது யாருக்கா, இவ்ளோ பெரிய கொம்போட?”

“எங்க அத்தை. நேர்ல பாத்தா இன்னும் பெருசு.”

அந்தப் பெண் ஒரு பக்கத்தைப் பிழையில்லாமல் அடித்துக் காட்டிய பிறகுதான் மேலாளர் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மயக்கம் தெளிந்து அம்மா கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி: “நீ வேலைக்குப் போகலையாடி? அந்தச் சிடுமூஞ்சி எப்படி விட்டான்?”

“விட்டுட்டாரும்மா. நீ பேசாம படு.”

இப்போது அக்காவே இறந்துபோனபின், துக்கம் கேட்க வருகிறவர்களிடம் அம்மா இதைத்தான் சொல்கிறாள். “கண்ண முழிக்கிறேன், எதிர்ல உக்காந்திருக்கா.” நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறேன்.