கோடலீவ் வளர்த்த பாசி

ஸ்கெல்ட் ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஆய்வகத்தில் பச்சைப்பாசிகளை உயிரோடு வைத்திருப்பது கோடலீவின் வேலை. பழைய சோதனைக் குழாயிலிருந்து ஒரு துளியைப் புதிய குழாய்க்கு மாற்றுவார். அது பச்சை பிடித்ததும் பழையதைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுவார். பெரிய திறமைசாலி என்று சொல்லமாட்டேன். பொறுமை இருந்தது.

அந்தப் பாசிகளில் ஒன்றை இளம்வயதில் அவரே காம்பென் பக்கத்துக் குட்டை ஒன்றிலிருந்து எடுத்துவந்தார். குட்டையை மண்ணடித்து மூடிக் கிடங்குகள் கட்டிவிட்டார்கள். வேறெங்கும் அந்தப் பாசி அகப்படவில்லை. பச்சைப்பாசிகளின் வம்ச மரத்தில் மிகத் தொன்மையான கிளை அதுதான் என்று வடிவத்தைப் பார்த்தவர்கள் எழுதினார்கள். மரபணுவைப் படித்து அதை உறுதிசெய்யும் வேலை வான்னஸ் என்ற ஆய்வாளனிடம் வந்தது.

முடிவு வந்த அன்று, கோடலீவும் நானும் இருந்த காப்பி அறைக்குள் அவன் வந்து கதவைச் சாத்தினான்.

"கோடலீவ், உங்க குழாயில இருக்கிறது குளோரெல்லா."

"விளையாடாதே. குளோரெல்லா மழைத்தண்ணித் தொட்டியில கெடக்கிற சாதாரணப் பாசி."

"மரபணுச் சோதனையைத் திரும்பவும் செஞ்சு பார்த்துட்டேன்."

"அப்போ உன் கைதான் அழுக்கு. மீன் வறுவல் தின்ன கையோட வந்திருப்பே."

"என் கையை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. மைக்ராஸ்கோப்புல நீங்க கடைசியா எப்போ பார்த்தீங்க?"

குழாய் பச்சையாக இருந்தால் போதும் என்று நாங்கள் யாருமே பார்ப்பதில்லை. எப்போதோ ஒரு துளியோடு குளோரெல்லா புகுந்திருக்கிறது. அது வேகமாகப் பெருகும். மெதுவாக வளரும் கோடலீவின் பாசி ஒவ்வொரு மாற்றலிலும் குறைந்து, ஏதோ ஒரு மாற்றலில் இல்லாமலே போயிருக்கிறது. பெயர்தான் குழாய்க்குக் குழாய் போய்க்கொண்டிருந்தது. பெயர் இருப்பதால் பொருளும் இருக்கிறது என்று நம்பிவிடுவது சுலபம்.

ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. முன்பு நார்வே ஆய்வகம் ஒன்றுக்கு அவர் அதே பாசியை அனுப்பியிருந்தார். கேட்டதும் ஒரு குழாய் வந்தது. வான்னஸ் மைக்ராஸ்கோப்பை அவர் பக்கம் நகர்த்தினான்.

நெடுநேரம் குனிந்திருந்தார்.

"இதுவும் குளோரெல்லாதான், உருண்டை உருண்டையா இருக்கு. என்னோடதுக்கு வால் இருக்கும். நீந்தும்."

"மரபணுவையும் பார்த்துடலாமே?"

"எதுக்கு? நீந்தலைன்னு சொல்றேன்ல."

அந்தப் பாசி இனி எங்கும் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்துவிட்டது. எப்போது செத்தது என்பது யாருக்கும் தெரியாது.

"மத்த குழாய்களையும் பார்க்கணும், கோடலீவ்," என்றான் தயங்கியபடி.

"பாரு. எல்லாத்தையும் பாரு."

நாற்காலியை விட்டு எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தார். அவன் எடுத்த அடுத்த குழாயிலும் மேலே பெயர் எழுதியிருந்த பாசி இல்லை; வேறு ஏதோதான் இருந்தது.