கடைசித் தட்டில் மெக்சிகோ கோயில்

காலை ஏழு இருபது. செட்டிகுளம் மலையடிவாரத்தில் பஸ் நின்றதும் முதலில் தெரிந்தது ஒரு தாம்பாளம். அதன் மேல் சிவப்புத் துண்டு. அதைப் பிடித்தபடி இறங்கியவர் என் தாய்மாமா. எழுபதுகளின் கடைசியில் ஒரு தை மாதம். எனக்கு ஐந்து வயது. மொட்டையடித்துச் சந்தனம் பூசி, காது குத்த உட்கார வைத்திருந்தார்கள்.

மாமா மடியில்தான் காது குத்துவார்கள். அதற்கு முன் அவர் கொண்டுவந்த சீர்த் தட்டுகளை எல்லார் முன்னாலும் திறக்க வேண்டும். மாமா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைப்பவர். பழம், வெல்லம், பாவாடை எல்லாம் திறந்தாயிற்று. சங்கிலி இருக்க வேண்டியது கடைசித் தட்டில். அம்மா அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டின் மானம் அந்தத் துண்டுக்கு அடியில் இருந்தது.

அத்தை, அப்பாவின் அக்கா, துண்டை உருவினாள். வாழைப்பழச் சீப்பில் சாய்ந்து ஒரு சாண் உயர வெள்ளைக் கோயில். அடுக்கடுக்காக ஏறி உச்சியில் ஒரு சிறு அறையோடு முடிந்திருந்தது.

“என்ன தம்பி, பவுனக் காணோம், பாறை இருக்கு?”

கூட்டம் சிரித்தது. மாமா கோயிலை நிமிர்த்தி வைத்தார்.

“மெக்சிகோ கோயிலுங்க அக்கா. மாயா சனங்க கட்டுனது. கப்பல்ல போன கூட்டாளி கொண்டாந்தான். பெரிய பங்களாவுல எல்லாம் கண்ணாடி அலமாரியில இதத்தான் வைக்கிறாங்களாம்.”

“வைக்கட்டும். கலசம் எங்க? மொட்டக் கோயில வூட்டுல வச்சா வெளங்குமா?”

“அத நாத்தனா கையாலதான் வைக்கணும். அதாங்க வைக்காம கொண்டாந்தேன்.”

அத்தை அர்ச்சனைத் தட்டிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்துக் குங்குமம் தொட்டு உச்சியில் வைத்தாள். உருண்டது. சந்தனத்தை அப்பி மறுபடி வைத்தாள். நின்றது. மேளக்காரர் யாரும் சொல்லாமலே கெட்டிமேளம் கொட்டினார்.

ஜெயங்கொண்டத்திலிருந்து வந்த இன்னொரு காதுகுத்துக் கூட்டம், தங்கள் பிள்ளையை ஆசாரியிடம் விட்டுவிட்டு இங்கே ஓடிவந்தது. ஒரு பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். எந்த ஊர்க் கோயில் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அத்தையே பதில் சொன்னாள்.

“மெக்சிகோங்க. எங்க சம்பந்தி வூட்டுச் சீரு.”

அதுவரை எங்கள் அம்மா வீட்டாரை அவள் ‘அந்தக் கல்லொடைக்கிறவங்க’ என்றுதான் சொல்வாள். காது குத்தி முடிந்ததும் தட்டைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு மலைப்படி ஏறினாள். அம்மா பின்னால், தலை நிமிர்ந்து.

காது குத்தும்போது மாமா மடியில் என்னைப் பிடித்திருந்த உள்ளங்கைகள் கொப்புளம் உடைந்து சொரசொரத்தன. அது உறுத்தியதால்தான் அழுதேன். ஊசிக்கு அழுவதாக நினைத்து எல்லாரும் வாயில் சர்க்கரை போட்டார்கள்.

கோயில் எங்கள் வீட்டு ஷோகேஸில் சுவரை ஒட்டி நின்றது. அம்மா அதை வேறு யாரையும் துடைக்க விட்டதில்லை. பல வருடம் கழித்து அவள் டிரங்குப் பெட்டியில் ஒரு காலண்டர் தாள் கிடைத்தது. அதே கோயிலின் படம், இரண்டு பக்கம் மட்டும் தெரிய மூலையிலிருந்து எடுத்தது. ஓரமெல்லாம் சுண்ணாம்பு படிந்த விரல் தடங்கள்.

மெக்சிகோவில் இருக்கும் கோயிலுக்கு நான்கு பக்கமும் படி. எங்கள் வீட்டில் இருப்பதற்கு இரண்டு பக்கம்தான்.