மரக்காணம் உப்பளத்தில் ஒரு காயம், ஷார்ஜாவில் ஒரு ரத்தக்கட்டி

என் கணவர் பஷீர் ஷார்ஜாவில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். லீவில் வரும்போதெல்லாம் சென்னையிலிருந்து கோட்டக்குப்பத்தில் இருக்கும் அவர் அம்மா வீட்டுக்கு ஈசிஆர் பஸ்ஸில் போவோம். மரக்காணத்தில் உப்பளம் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக விரியும். "அடுத்த லீவுல இறங்கி நடக்கலாம்" என்பார். ஆறு வருடமாக இறங்கவில்லை.

இந்த மார்ச்சில் கட்டாயம் என்றிருந்தோம். டிக்கெட் போட்ட பிறகு அவருடைய இடது கெண்டைக்கால் வீங்கியது. ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் கட்டி என்றது ஸ்கேன். டாக்டர் மாத்திரை கொடுத்து, ஒரு மாதம் விமானம் ஏறக் கூடாது என்றார். பஷீர் கேட்பதாக இல்லை. நானும் சரியாகத் தடுக்கவில்லை. அவரைப் பார்த்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அவர் கிளம்ப ஒரு வாரம் இருந்த சனிக்கிழமை, மாமியாரைப் பார்க்கப் புறப்பட்டேன். திருவான்மியூரில் 5.40க்குப் பஸ், டிக்கெட் 125 ரூபாய். ஏறத்தாழ 110 கிலோமீட்டர். 8.10க்கு மரக்காணம் வந்ததும், என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டேன். உப்பளத்துக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். "வரப்பு மேலயே நடங்க மேடம், பாத்தியில கால வெச்சா திட்டுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் டிரைவர்.

காலை வெயிலிலேயே உப்பு கண்ணைக் கூச வைத்தது. இதைத்தான் அவரோடு பார்க்க வேண்டும் என்றிருந்தேன். பாதி தூரம் நடப்பதற்குள் "அய்யோ" என்று ஒரு குரல். உப்பு வாரிக்கொண்டிருந்த ஒரு அக்கா, பெயர் அஞ்சலை என்று பிறகு தெரிந்தது, உடைந்த பாட்டிலை மிதித்துவிட்டிருந்தார். குதிகாலில் ரத்தம். வரப்பில் உட்காரவைத்து, என் பாட்டில் தண்ணீரில் கழுவி, கைக்குட்டையை வைத்து அழுத்திப் பிடித்தேன். பத்து நிமிடத்தில் ரத்தம் நின்றது.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். உள்ளே நடந்தது எனக்குத் தெரியும். காயத்தில் முதலில் ஒட்டுவது தட்டணுக்கள், டெங்கு வந்தால் எல்லோரும் எண்ணிப் பார்க்கும் அதே பிளேட்லெட்தான். அவை தூண்டப்பட்டதும் தங்கள் மேலுறையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்களை உதிர்க்கும். உறைய வைக்கும் புரதங்கள் அந்தத் துகள்களின் மேலும் வந்து சேர்ந்து வேலையை வேகப்படுத்தும். பிறகு நார் வலை பின்னும், சிவப்பணுக்கள் அதில் சிக்கும், காயம் அடைபடும். வெள்ளணுக்களும் துகள் உதிர்க்கும். சிலவற்றில் உறைதலைத் தொடங்கி வைக்கும் புரதமே இருக்கும். மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்து காலில் ரத்தம் மந்தமாகும்போது, காயமே இல்லாமல் கட்டி உருவாக இவையும் கைகொடுக்கும். அந்தக் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

இதெல்லாம் தெரிந்தும் இரண்டு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். கையில் ரத்தக்கறையோடு அங்கிருந்தே வீடியோ காலில் கூப்பிட்டேன்.

"உப்பளத்துலயா இருக்க? என்ன உட்டுட்டுப் போயிட்டியே நஸ்ரின்" என்றார்.

"என்னங்க, டிக்கெட்ட கேன்சல் பண்ணுங்க."

"நாலு மணி நேரம்தான்மா. மாத்திரை போட்டுக்கிட்டுதான வர்றேன்."

"கட்டி இப்பதான் புதுசா இருக்குது. நீங்க வரணும்னுதான் நான் சும்மா இருந்தேன். தப்பு என் மேலதான். இப்ப வராதீங்க."

பக்கத்தில் இருந்த அஞ்சலை அக்கா எட்டிப் பார்த்தார். "தம்பி, டாக்டர் சொன்னா கேளுப்பா. உப்பு எங்க ஓடிப் போவுது?"

பஷீர் சிரித்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சரி, பண்ணிடுறேன்" என்றபோது குரல் உடைந்திருந்தது. போனை வைத்த பிறகு நான் அழுதேன். அஞ்சலை அக்கா முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், தையலும் தடுப்பூசியும் போட்டபின் வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் மாமியார் வீட்டுக்குப் போனேன்.

போன வாரம் எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருக்கிறது. பறக்கலாம் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. காத்திருக்கிறோம்.

போக நினைப்பவர்களுக்கு: பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள், நிழலே கிடையாது. கெட்டியான செருப்பு அவசியம். நீண்ட பயணத்தில் தண்ணீர் குடியுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரி. உப்பளத்துக்குப் பெண்கள் தனியாகப் போகலாம், பயமில்லை. ஆனால் பார்த்ததை அங்கேயே சொல்லிக்கொள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் நல்லது.