ஜெபத்துக்கு வைத்த மதர்போர்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான் தள்ளிப்போட்ட காலத்தில், அன்று மடியில் கிடந்த பேரன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டான். நான் எட்டாவதோடு நின்றவன். எழுத்து பழக்கமில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்று, எங்கள் சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் எல்லாரும் கடைசியில் ஜெயத்தோடு உட்காருவார்கள். என்னுடையது அப்படி முடியாது. பாதியில்தான் முடியும். அதைச் சொன்னால் யாராவது சிரிப்பார்களோ, யாருடைய விசுவாசமாவது குறைந்துபோகுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன். இப்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்துவிட்டதால் எழுதுகிறேன். அது என்ன பயம் என்று கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் வீடு திருநின்றவூரில், ஏரிக்கு இந்தப் பக்கம். என் மகள் கம்ப்யூட்டரில் படம் வரைகிறவள். இன்னும் கட்டாத அடுக்குமாடி வீட்டைக் கட்டி முடித்த மாதிரியே, ஜன்னல் கண்ணாடியில் வெயில் விழுகிற வரைக்கும் செய்து காட்டுவாள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள். குழந்தை மாதம் நிறையாமல் பிறந்துவிட்டான். மூச்சுவிடும்போது நெஞ்சுக்கூடு உள்ளே போய் வெளியே வரும். அவனை விட்டுவிட்டு ரயில் ஏறி ஆபீஸ் போக முடியாது. மருமகன் ஓசூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்து போவார். ஆபீஸில் கேட்டதற்கு, வீட்டிலிருந்தே செய்யலாம், ஆனால் உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா என்று ஒரு வேலையைச் சோதனைக்குக் கொடுத்தார்கள். திங்கட்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் அவள் இடத்துக்கு வேறு ஆள்.

அவளுடைய பழைய கம்ப்யூட்டரில் ஒரு படம் முடிய ஒரு பகல் முழுக்க ஆகும். பாதியில் நின்றும் போகும்.

அப்போதுதான் ஆவடியில் ஃபிளாட்டில் இருக்கும் என் மச்சினன், ஐ.டி. வேலைக்காரன், ஒரு பிராசசரைக் கொண்டுவந்து கொடுத்தான். கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி அதுதான். அவன் புதுசு வாங்கிக்கொண்டு இதைக் கழற்றியிருந்தான். பழசு என்றாலும் அந்த வகையில் உச்சமானது. உள்ளங்கையில் பாதிகூட இல்லை.

"இது என் மருமகளுக்கு மாமா. இதை உட்கார வைக்கிற மதர்போர்டு மட்டும் நீங்க வாங்கிடுங்க. பழைய போர்டுல இது சேராது. ஆனா சீப்பா கெடைக்குதுன்னு கண்டதை வாங்கிடாதீங்க. இது கரண்ட்டை உறிஞ்சுற சாமான். போர்டு தாங்கலன்னா எரிஞ்சிடும்."

அவன் சொன்னதில் மற்ற எதுவும் என் மனதில் நிற்கவில்லை. எரிஞ்சிடும் என்பது மட்டும் நின்றது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவன். ஒருநாள் கரண்ட் வருகிற பேனல் போர்டு வெடித்தது. பக்கத்தில் நின்றவர் என்னோடு டிபன் பாக்ஸ் திறந்து சாப்பிடுகிறவர். அவருக்கு உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. புருவம் மட்டும் திரும்ப முளைக்கவில்லை. அன்றிலிருந்து ஒயர் கருகும் வாசனை வந்தால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் எனக்கு மறுவேலை. அந்தப் பிராசசரைப் பீரோவில், என் மனைவியின் சேலைகளுக்கு நடுவே வைத்தோம். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் முதலில் மோந்து பார்ப்பேன். எதிலும் மாட்டாத சாமான் எப்படிக் கருகும்? அது தெரிந்தும் மோந்து பார்ப்பேன்.

வெள்ளிக்கிழமை குழந்தையை மனைவியிடம் விட்டுவிட்டு, மகளும் நானும் அம்பத்தூரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி முன்னால் போட்டார்.

"இத்த எத்துகினு போங்கோ. இருக்கிறதுலயே கொறைஞ்ச வெல."

"இந்தப் பிராசசர் உட்காருமா?" என்றாள் மகள்.

"உக்காரும்மா. அல்லாம் உக்காரும்."

மகள் போர்டைத் திருப்பி ஓர் இடத்தைக் காட்டினாள். "அப்பா, பிராசசருக்குக் கரண்ட் இந்த வழியாத்தான் போகும். நல்ல போர்டுல இதுக்கு மேல அலுமினியத் தகடு வச்சு மூடியிருப்பாங்க, சூட்டை இழுக்கறதுக்கு. இதுல மொட்டையா இருக்கு பாருங்க. உட்காரும். ஆனா மணிக்கணக்கா முழு வேகத்துல ஓடவிட்டா..."

அவள் முடிக்கவில்லை. நான் அந்தப் பெட்டியிலிருந்து ஓர் அடி பின்னால் நகர்ந்தேன்.

கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னா நைனா, பேயப் பாத்த மாரி நிக்கிற? சரி வுடு, ஒசத்தியா ஒண்ணு கீது. கலர் கலரா லைட்டு எரியும்."

"எரியற எதுவும் வேணாம்ப்பா."

மகளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கடைக்காரர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். அதன்பிறகு அவர் ஏணி போட்டு ஏறி, மேல் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தார். லைட் இல்லை, அழகு இல்லை. ஆனால் கரண்ட் போகும் இடத்தில் இரண்டு பக்கமும் தடியான தகடு. அதோடு மகளிடம் ஏற்கெனவே இருந்த ராம் இதிலேயே சேரும் என்றார். ராம் என்பது சீப்பு மாதிரி நீளமாக இருக்கும். வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அதில்தான் பரப்பி வைத்துக்கொள்ளும் என்று மகள் சொல்லியிருக்கிறாள். புது ராம் வாங்க வேண்டாம் என்றதும்தான் இது எங்கள் கைக்கு எட்டும் விலையாயிற்று. மகள் அரைமணி நேரம் போனில் எதையெதையோ படித்துப் பார்த்துவிட்டு, "இதுதான்ப்பா" என்றாள்.

பில் போடுமுன் கடைக்காரர் போர்டின் நடுவில் இருந்த கறுப்பு மூடியைக் கழற்றி, போன் வெளிச்சத்தை அடித்தார். உள்ளே மயிரைவிட மெல்லிய ஊசிகள், நெல் நாற்று மாதிரி நெருக்கமாக, ஒரே சாய்வில் நின்றன.

"இங்க பாருங்கோ. அல்லாம் நேரா கீது. பின்னு வளைஞ்சிடுச்சுன்னு நாளைக்கு வந்து நின்னா நான் எடுக்கமாட்டேன். மூடியத் தொறந்தா வெரலு அந்தாண்ட இருக்கணும்."

மூடியைப் போட்டுக் கொடுத்துவிட்டார். திரும்பி வரும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். யாராவது இடித்துவிட்டால் என்ன செய்வது? அட்டைப்பெட்டியைச் சட்டைக்குள் பிடித்திருந்தேன். அண்ணனூரில் ஏறிய ஒரு பெரியவர், "குழந்தையா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை காலை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும், தையல் மிஷினோ ஃபிரிட்ஜோ, பயன்படுத்துமுன் வேதாகமத்துக்குப் பக்கத்தில் வைத்து, ஜெப எண்ணெய் ஒரு சொட்டுத் தொட்டு வைத்து, வீட்டில் உள்ள எல்லாரும் கைவைத்து, கண்ணை மூடி ஜெபிப்போம். மகளுக்கும் சிறுவயதிலிருந்து அதுதான் பழக்கம். அவள் ஜன்னலோரம் மேஜையில் போர்டை வைத்து, மூடியைக் கழற்றி, பிராசசரைக் கையில் எடுத்தவள் நின்றாள்.

"அப்பா, மாட்டிட்டா அப்புறம் போர்டு பெட்டிக்குள்ள போயிடும். முதல்ல ஜெபம் பண்ணிட்டு மாட்டிடலாமா?"

எங்களில் ஒருவருக்கும் அந்தக் கடைக்காரர் சொன்னது ஞாபகம் வரவில்லை. ஜெபம் என்றதும் எல்லாம் மறந்துபோகும் வீடு எங்களுடையது. மனைவி குழந்தையோடு வந்தாள். நான் எண்ணெயைக் கட்டைவிரலில் தொட்டு, போர்டின் ஓரத்தில் தகட்டின்மேல் வைத்தேன். மூன்று பேரும் அந்த எண்ணெய்மேலேயே கைவைத்தோம். கண்ணை மூடினோம். நான் உருக்கமாகவே ஜெபித்தேன். ஆண்டவரே, இது எரியக்கூடாது, இந்தப் பிள்ளையின் மூச்சு நிற்கக்கூடாது என்று இரண்டையும் சேர்த்தே கேட்டேன். அழுகை வந்தது. அழுதால் நான் கையை அழுத்துவேன். என் மனைவியும் அப்படித்தான்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மகள் மட்டும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த ஊசிகள் பளபளவென்று ஒரே சாய்வில் இருந்தன, ஒரு மூலையைத் தவிர. அந்த மூலை, யாரோ மிதித்துவிட்டுப் போன நாற்றங்கால் மாதிரி கிடந்தது. மேலே மினுமினுவென்று எண்ணெய்.

யாருடைய விரல் என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. நாங்கள் அதைக் கண்டுபிடிக்கவும் முயலவில்லை.

மகள் கையிலிருந்த பிராசசரை மேஜையின் மறு ஓரத்தில் மெதுவாக வைத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவிதான் வாயைத் திறந்தாள்.

"கண்ணை மூடினா கை எங்க போகுதுன்னு தெரிய வேணாமாங்க?"

"உன் கையும்தானே இருந்துச்சு?"

"என் கையிலதான் புள்ள இருந்தானே."

"இன்னொரு கை?"

"ரெண்டு பேரும் சும்மா இருங்கம்மா," என்றாள் மகள். "அப்பா, மெடிக்கல்ல போய் ஸ்பிரிட் வாங்கிட்டு வாங்க. அம்மா, உன் கண்ணாடியும் தையல் ஊசியும் குடு."

போய்வருவதற்குள் என் மனதில் ஆபீஸ்காரர்கள் அவள் நாற்காலியில் வேறு பெண்ணை உட்கார வைத்துவிட்டார்கள். மகள் மெல்லிய துணி நுனியை ஸ்பிரிட்டில் நனைத்து எண்ணெயை ஒற்றி எடுத்தாள். பிறகு அம்மாவின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஊசி முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். நான் மூச்சுவிட்டால் அவள் கை அசையுமோ என்று வாசலில் போய் நின்றேன். குழந்தை பசிக்கு அழுதான், கொஞ்ச நேரம் அழட்டும் என்றாள். பெற்றவள் அப்படிச் சொல்லும்படி ஆகிவிட்டதே என்று, மனைவியிடமிருந்து அவனை வாங்கி வாசலில் உலாத்தினேன்.

பிராசசரை வைத்துக் கொக்கியை அழுத்தினாள். நறநறவென்று ஒரு சத்தம். எலும்பு முறிகிற மாதிரி.

"ஐயோ!"

"அது எப்பவும் வர்ற சத்தம்தான்ப்பா," என்றாள். ஆனால் அவள் உதடு வெளுத்திருந்தது.

எல்லாவற்றையும் மாட்டி சுவிட்சைப் போடச் சொன்னாள். ஒரு கையை சுவிட்சிலேயே வைத்துக்கொண்டு போட்டேன். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. நான் மோந்து பார்த்தேன். ஸ்பிரிட் வாசனை மட்டும். "அணைச்சுடவா, அணைச்சுடவா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "இருங்கப்பா." திரை கறுப்புதான். அணைத்துவிட்டு, இரண்டு ராமில் ஒன்றைக் கழற்றிப் பார்த்தாள். கறுப்பு. அதை மாட்டி மற்றதைக் கழற்றினாள். திரையில் எழுத்து வந்தது.

பிறகுதான் புரிந்தது. போர்டில் ராம் மாட்ட இரண்டு பக்கம் உண்டு, பக்கத்துக்கு ஒன்றுதான். வளைந்த ஊசிகள் ஒரு பக்கத்துக்குப் போகிற வழி. அந்தப் பக்கம் செத்துவிட்டது. மற்ற பக்கத்தில் ஒன்று மட்டும் வேலை செய்யும். பிராசசர் முழுசு, ராம் பாதி. மகள் திரும்பவும் ஊசியை எடுக்க மாட்டேன் என்றாள். "இருக்கறதும் போயிடும்ப்பா." வேறு போர்டு வாங்கவும் வழியில்லை.

பாதி ராமில் அந்தப் பெரிய படம் ஒரேயடியாக ஓடவில்லை. அவள் அதைத் துண்டு துண்டாகப் பிரித்தாள். தரை தனி, சுவர் தனி, மரம் செடி தனி. ஒவ்வொரு துண்டாக ஓடவிட்டு ஒட்டினாள். சனியும் ஞாயிறும் நான் அந்தப் பெட்டி பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அலுமினியத் தகடு கொதிக்கிறதா என்று கிட்டே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இளஞ்சூடு. குழந்தைக்கு வெந்நீர் பதம் பார்க்கிற அளவு சூடு. அந்த ஞாயிறு ஆராதனைக்கு நான் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து உள்ளுக்குள் ஜெபித்தேன், இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

திங்கட்கிழமை காலை அவள் படத்தை அனுப்பினாள். சாயங்காலம் போன் வந்தது. வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார்கள். அவள் போனை வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கி அவன் வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு, இரண்டு நாளாகப் போட்டிருந்த ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தேன்.

அந்தப் போர்டு இன்றும் ஓடுகிறது. செத்த பக்கம் செத்தே இருக்கிறது. அவள் இன்றும் துண்டு துண்டாகத்தான் செய்கிறாள்.

இப்போது அந்தப் பெரிய பயம். மனைவி இதைச் சபையில் இரண்டு பேரிடம் சொன்னாள். போன மாதம் நசரத்பேட்டையில் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போயிருந்தேன். எனக்குப் பக்கத்தில் ஒரு அம்மா இன்னொரு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்: "திருநின்றவூர்ல ஒரு வீட்ல, செத்துப்போன கம்ப்யூட்டர்மேல ஜெப எண்ணெய ஊத்துனாங்களாம். உடனே எழுந்துடுச்சாம்!" கேட்டவர், "எங்க பையனோடதும் ஓடாமக் கெடக்கு" என்றார். அவரும் எண்ணெயை ஊற்றி சுவிட்சைப் போட்டால் என்ன ஆகும்? அது எங்கள் வீடுதான் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். எத்தனை பேருக்கு அப்படிச் சொல்ல முடியும்?

கர்த்தர் எங்களைக் கைவிடவில்லை, அது உண்மை. ஊசி வளைந்ததும் உண்மை. இதைப் படிக்கிற நீங்கள் தாராளமாக நாலு பேருக்குச் சொல்லுங்கள். நடந்தபடியே சொல்லுங்கள். மூடி திறந்திருந்தபோது நாங்கள் கைவைத்ததை விட்டுவிடாதீர்கள், என் மகள் ஊசியும் ஸ்பிரிட்டுமாக உட்கார்ந்ததை விட்டுவிடாதீர்கள். பாதி ராம் பாதியாகவே இருக்கட்டும். எங்கள்மேல் இருக்கிற அன்பினால்கூட அதை முழுசாக்கிச் சொல்லிவிடாதீர்கள்.