உம்மா தைத்த மழைச்சட்டை

தாராவியில் முகம்மது ஹனீபைப் பற்றிக் கேட்டால், "யாரு, நாகராஜ் ஆளா?" என்பார்கள். பல வருடம் தமிழ்ப் பத்திரிகை நிருபராக அலைந்தவனுக்கு மிஞ்சிய பெயர் அதுதான். இரண்டு பேரிடம் விசாரிக்காமல் ஒரு வரி எழுதமாட்டான் என்று அன்றைக்கு அவனுக்குப் பேர். பத்திரிகையை மூடிவிட்டார்கள். கவுன்சிலர் நாகராஜ் அறிக்கையும் மேடைப் பேச்சும் எழுத ஆள் தேடினார். மகள் மெஹக்கின் பள்ளிக்கூடச் செலவு காத்திருக்குமா? போய்ச் சேர்ந்தான்.

அதிலிருந்து சயான் ஸ்டேஷன் டீக்கடையில் பழைய நிருபர்கள் அவனைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். சிரித்தபடியே மாற்றினார்கள், அதுதான் வலித்தது.

போன மழைக்காலத்தில் பிள்ளைகளுக்கு ரெயின்கோட் கொடுக்கும் விழா. நாகராஜுக்கு உருக்கமாக ஏதாவது வேண்டும். எழுத ஒன்றும் ஓடாமல், யாரிடமும் சொல்லாத தன் சின்ன வயதுக் கதையை ஹனீப் எடுத்து எழுதிவிட்டான். பட்டறையில் கழித்துப் போட்ட பிளாஸ்டிக் தாளில் உம்மா அவனுக்கு மழைச்சட்டை தைத்தாள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் தனக்கும் ஒன்று தைத்துப் போட்டுக்கொண்டு, "சிரிச்சா ரெண்டு பேரையும் பாத்துச் சிரிக்கட்டும்ல" என்று அவன் கையைப் பிடித்து நடந்தாள். உம்மாவை மட்டும் அம்மா என்று மாற்றினான். மாட்டுங்காவில் பெரிய கடை வைத்திருந்தவரின் பிள்ளை நாகராஜ், மேடையில் அதைத் தன் கதையாகச் சொல்லி அழுதே விட்டார். கூட்டமும் அழுதது. வீடியோ எல்லார் போனிலும் ஓடியது.

ஒரு வாரத்தில் தளவாய் போன் செய்தான். முன்பு ஒரே மேசையில் வேலை பார்த்தவன். இப்போது வேறு பத்திரிகையில் இருக்கிறான்.

"ஏல ஹனீபு, அந்த ரெயின்கோட் கதை நெசமா? அவரு காருல பள்ளிக்கூடம் போனவருல்லா. நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு, கிழிச்சுத் தொங்கவிடுதேன்."

இல்லை என்று சொன்னால் உம்மா திரும்பக் கிடைப்பாள், வேலை போய்விடும்.

"நடந்ததுதான்."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"நீ சொன்னா சரிடே. ரெண்டாவது ஆளைக் கேக்க வேண்டியதில்ல."

மறுநாள் பத்திரிகையில் நெடுநாளைக்குப் பிறகு ஹனீபின் பெயர் வந்தது, நேரில் பார்த்தவன் என்று. மெஹக் எழுத்துக்கூட்டிப் படித்தாள். உம்மா மௌத்தாகி அடக்கமான பிறகு பிறந்தவள் அவள்.

"வாப்பா, நாகராஜ் அங்கிளோட அம்மாவை நீங்க பாத்திருக்கீங்களா? சச்சீ? நிஜமாவா? எப்படி இருப்பாங்க?"

உண்மையைச் சொன்னால் நாளைக்கே வகுப்பு முழுக்கப் பரவும்.

"ஒல்லியா இருப்பாங்கம்மா. நெத்தியில ஒரு தழும்பு. சிரிச்சா அப்படியே உன்னை மாதிரி..."

"என்னை மாதிரியா?"

"இல்ல" என்றான் ஹனீப். "வேற மாதிரி."